திருப்பிக் கொடுக்கப் போன ஸ்டிக்கர்

எங்கள் வீட்டுக்குச் சக்கரம் உண்டு, ஆனால் அது எங்கேயும் போகாது. பதினோரு வருஷமாக ஒரே இடத்தில் நிற்கிறது. அடியில் புல் மண்டிவிட்டது, டயரில் காற்று இறங்கி மண்ணுக்குள் புதைந்துவிட்டது. இருந்தாலும் சட்டப்படி அது ட்ரெய்லர், அதாவது வண்டி மாதிரி ஒன்று. அதனால் வருஷா வருஷம் நவம்பர் முடிவதற்குள் மாவட்ட அலுவலகத்தில் ஒரு ஸ்டிக்கர் வாங்கி, ரோட்டில் போகிறவர் கண்ணில் படுகிற மாதிரி ஜன்னலில் ஒட்ட வேண்டும். பத்து வருஷம் ஒட்டினேன். ஒரு வருஷம் தவறியதில்லை.

பதினோராவது வருஷம் எங்கள் அலபாமா மாநிலத்தில் புதுச் சட்டம் ஒன்று போட்டார்கள். அமெரிக்காவில் தங்கக் காகிதம் இல்லாதவர்கள், அதாவது மெக்ஸிகோவிலிருந்து வந்த எங்களை மாதிரி ஆட்கள், அரசாங்கத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளக் கூடாதாம். முயற்சி பண்ணினாலே ஜெயிலாம். ஸ்டிக்கர் வாங்குவது கொடுக்கல் வாங்கலில் சேர்த்தி. ஆக, ஸ்டிக்கர் இல்லாமல் வீடு நின்றால் குற்றம், ஸ்டிக்கர் வாங்கப் போனாலும் குற்றம். போய்த் தொலைகிறது, வீட்டை இழுத்துக்கொண்டு பக்கத்து மாநிலம் டென்னஸி பக்கம் போய்விடலாம் என்று பார்த்தால், வீட்டை ரோட்டில் ஏற்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டு வாங்க ஸ்டிக்கர் வேண்டும்.

"நிக்கவும் கூடாது, நகரவும் கூடாதுன்னா பறக்கச் சொல்றானா?" என்று என் புருஷன் கூக்கோ கேட்டான். அவன் பெயர் ரெஃபூஜியோ. எங்கள் பக்கம் அந்தப் பெயர்க்காரன் எல்லோரும் கூக்கோதான்.

"என்னைக் கேட்டா? சட்டம் போட்டவன்கிட்டே போய்க் கேளு" என்றேன்.

நான் இப்படித்தான். பயம் வந்தால் எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும். கோழி ஆலையில் எலும்பு எடுக்கிற வரிசையில் ஒன்பது வருஷம் நின்றவள். கையில் கத்தியோடு நிற்பவளிடம் யாரும் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

நவம்பர் முதல் வாரமே நான் அலுவலகத்துக்குப் போனேன். குற்றம் என்று தெரிந்துதான் போனேன். போகாமல் இருப்பதும் குற்றம் என்றால் எந்தக் குற்றத்தைச் செய்வது என்று நானேதானே முடிவு பண்ண வேண்டும்? கவுண்டரில் மிஸ்டர் பாக்ஸ்டர் இருந்தார். பத்து வருஷமாக எனக்கு ஸ்டிக்கர் கொடுத்தவர் அவர்தான். வழுக்கைத் தலை, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். என் பெண் யாரெலி கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார். கண்ணாடியில் ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருந்தது. போன வருஷத்து ரசீதை நீட்டினேன். "காகிதம் இருக்கா?" என்று கேட்டார். எங்கள் தூதரகம் கொடுத்த அட்டையை நீட்டினேன். அதை விரல் நுனியால் என் பக்கமே தள்ளிவிட்டார்.

"இது செல்லாதும்மா. இனிமே வராதீங்க. வந்தா நான் போன் பண்ண வேண்டியிருக்கும்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தே சொன்னார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். ரசீதைப் பைக்குள் திணித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் கூட்டம். அட்லாண்டாவிலிருந்து ஒரு பெண் வக்கீல் வந்திருந்தாள். பெயர் அம்பாரோ ரிசோ. எங்கள் ஜனங்கள் வக்கீலை 'லிசென்சியாதா' என்று பட்டம் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டிருப்பதாகவும், நம் மாவட்டத்தில் ஸ்டிக்கர் கேட்டுப் போய், முகத்துக்கு நேரே மறுக்கப்பட்ட ஒரு ஆள் வேண்டும் என்றும் சொன்னாள். ஹாலில் இருநூறு பேர். போனால்தானே மறுப்பார்கள்? யாரும் போகவே இல்லை. நோட்டீஸைப் பார்த்ததும் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

"நான் போனேன்" என்று எழுந்தேன். கூக்கோ என் சட்டையைப் பிடித்து இழுத்தான். அதற்குள் சொல்லிவிட்டேனே.

லிசென்சியாதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கு வீடு போகப் போகிறது, இவள் ஏன் சிரிக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. "உங்க பேரு வெளியே வராது சென்யோரா. கோர்ட் காகிதத்துல நீங்க வெறும் எண்தான். ரெண்டாம் எண் வாதி" என்றாள்.

"முதல் எண் யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாது."

"அவங்களுக்கு என்னைத் தெரியுமா?"

"அதையும் சொல்லக் கூடாது."

ஆகக்கூடி நான் யாரென்று யாருக்கும் தெரியாமல், யாரென்று எனக்கே தெரியாத இன்னொருவரோடு சேர்ந்து, அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறேன். நவம்பர் இருபத்தெட்டாம் தேதி, திங்கட்கிழமை விசாரணை. நீதிபதி சட்டத்தை நிறுத்தச் சொன்னால் எங்கள் பார்க்கில், அதாவது ட்ரெய்லர் வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் குடியிருப்பில், இருக்கிற அறுபத்திரண்டு ட்ரெய்லருக்கும் ஸ்டிக்கர் கிடைக்கும். இல்லாவிட்டால் முப்பதாம் தேதியோடு எல்லாம் முடிந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இனி என் கொமாத்ரே ஒப்துலியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மெக்ஸிகோவில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள் நாங்கள். வாடி போடி என்று கூப்பிட்டு, முடியைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டவர்கள். என் யாரெலிக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது அவள்தான் ஞானத்தாய். அன்றையிலிருந்து அவள் எனக்குக் கொமாத்ரே, நான் அவளுக்குக் கொமாத்ரே. கோயில் வாசலைத் தாண்டியதும் 'நீ' போய் 'நீங்க' ஆகிவிட்டது. எங்கள் ஜனத்தில் அதுதான் முறை. கொமாத்ரேயோடு சண்டை போடக் கூடாது, ஒருமையில் பேசக் கூடாது, அவள் செய்கிற உபகாரத்தை வேண்டாம் என்று சொல்லவே கூடாது. ஒப்துலியாவுக்குக் காகிதம் உண்டு. எண்பதுகளில் வந்த பொது மன்னிப்பில் அவள் அப்பாவுக்குக் கிடைத்து, அப்பா மூலமாக அவளுக்கும் கிடைத்தது. குடியுரிமையே வாங்கிவிட்டாள். நானும் கூக்கோவும் பிடிபட்டால் யாரெலியை அவள்தான் வளர்க்க வேண்டும் என்று நோட்டரி முன்னால் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இந்தச் சட்டம் வந்த மாதம் பார்க்கில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அப்படி எழுதி வைத்தார்கள்.

விசாரணைக்கு முந்தின வாரம், செவ்வாய்க்கிழமை. ஆலையிலிருந்து வீட்டுக்கு வருகிறேன், ஜன்னலில் ஸ்டிக்கர் இருக்கிறது.

புதுசு. பளபளவென்று. இந்த வருஷத்து நிறம்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். கதவைத் திறந்தால் அடுப்படியில் ஒப்துலியா, மேஜையில் ஒரு தட்டு நிறைய இனிப்பு ரொட்டி, பக்கத்தில் யாரெலி வாயெல்லாம் சர்க்கரை.

"என்ன கொமாத்ரே, ரோட்டிலிருந்து நல்லாத் தெரியுதா?" என்கிறாள் ஒப்துலியா, ஒன்றும் நடக்காத மாதிரி.

"எப்படி? எப்படிக் கொடுத்தான்?"

"போன வருஷத்து ரசீதை எங்க வீட்டுல விட்டுட்டுப் போனீங்கல்ல? எடுத்துட்டுப் போனேன். என் குடியுரிமை அட்டையைக் காட்டி, இது என் கொமாத்ரே வீடு, அவங்க சார்பா வந்திருக்கேன்னு சொன்னேன். பாக்ஸ்டர் இல்ல, சின்னப் பொண்ணு ஒருத்தி இருந்தா. அட்டையைப் பார்த்தா, கொடுத்துட்டா. அவ்வளவுதான்."

நான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஆமாம், அழுதேன், எரிச்சல் எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப்போனது. கூக்கோ வந்ததும் ஜன்னலுக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றி அந்த ஸ்டிக்கருக்கு வணக்கம் போட்டான். கோமாளி. அன்று நாங்கள் மூன்று பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

மறுநாள் லிசென்சியாதா போன் பண்ணினாள், விசாரணைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்ல. நான் வாயெல்லாம் பல்லாக, "இனிமே ஒண்ணும் கஷ்டமில்ல லிசென்சியாதா, ஸ்டிக்கர் வந்திடுச்சு!" என்றேன்.

அந்தப் பக்கம் பேனா கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"யார் வாங்கினது?" என்றாள். சொன்னேன். அவள் மெதுவாகச் சொன்னாள், "சென்யோரா, உங்களுக்கு ஸ்டிக்கர் இருந்தா உங்களுக்குப் பாதிப்பு இல்ல. பாதிப்பு இல்லாதவங்க வழக்குப் போட முடியாது. எதுக்கு இந்த அம்மா இங்க நிக்கிறாங்கன்னு நீதிபதி கேப்பாரு."

"பாதிப்பு இல்லையா? மூணு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல!"

"அது கோர்ட்டுல பாதிப்பு ஆகாது."

"அப்ப முதல் எண்?"

"அவங்க போன வாரமே குடும்பத்தோட வேற ஊருக்குப் போயிட்டாங்க. ஸ்டிக்கர் விஷயத்துல இப்ப நீங்க ஒருத்தர்தான்."

"வேற யாராவது இப்ப போய்க் கேட்டா?"

"போங்கன்னு நான் யாரையும் சொல்ல முடியாது. போறதே குற்றம்னு சட்டம் சொல்லுதே."

"நான் இப்ப என்ன பண்ணட்டும்? திருப்பிக் கொடுக்கட்டுமா?"

"திருப்பிக் கொடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன். வச்சுக்கோங்கன்னும் சொல்ல மாட்டேன். உங்க வீடு, உங்க முடிவு. ஆனா கோர்ட்டுல மறைக்க முடியாது, அது மட்டும்தான் சொல்லுவேன்."

என்ன வக்கீல் இவள்? வெந்நீர் வேண்டுமா, பச்சைத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால்கூட ரெண்டையும் சொல்ல மாட்டாள் போலிருக்கிறது. போனை வைத்துவிட்டு அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து பார்த்தால் அதன் வெள்ளைப் பின்பக்கம்தான் தெரியும்.

கூக்கோவிடம் சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"டென்ச்சா, உனக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? வீடு மிஞ்சிடுச்சு. மிஞ்சின வீட்டைப் போகவச்சாத்தான் கேஸு நிக்கும்னா, அந்தக் கேஸு எதுக்கு? வீட்டுக்காகத்தானே கேஸு?"

"நம்ம வீட்டுக்கு மட்டுமா?"

"வேற யாரு வீட்டுக்கு நீ கையெழுத்துப் போட்ட?"

அவன் கேட்டது நியாயம்தான். ரெண்டாம் எண் என்றால் யாருக்கு ரெண்டாம் எண் என்று எனக்கே தெரியாதபோது நான் என்ன சொல்ல?

வியாழக்கிழமை அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகை. ஆலைக்கு லீவு. காலையில் யாரெலி ஓடி வந்து, "அம்மா, ஞானத்தாய் வீட்டு முன்னாடி ஒரே கூட்டம்" என்றாள். போய்ப் பார்த்தால் எங்கள் பார்க் ஜனம் முழுக்க அங்கே நிற்கிறது. எல்லோர் கையிலும் போன வருஷத்து ரசீது. ஸ்டிக்கர் விஷயம் பரவிவிட்டது. யாரெலி பள்ளிக்கூட பஸ்ஸில் பெருமையடித்திருக்கிறாள். ஒப்துலியா படியில் நின்றுகொண்டு, "ஐயோ, நேத்தே போனேன் சாமி! மூணு பேருக்கு வாங்கப் போனேன். பாக்ஸ்டர் இருந்தாரு. ஒரு ஆளுக்கு எத்தனை வீடும்மா, இன்னொரு தடவை வந்தா உங்க பேர்லயும் போலீஸுல சொல்லுவேன்னுட்டாரு" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் எதிர் ட்ரெய்லர் தோன் சிரிலோவும் நின்றார். மனைவி செத்துப்போய், ரெண்டு பேரப் பிள்ளைகளோடு இருக்கிறவர். என்னைப் பார்த்ததும் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"உனக்குக் கிடைச்சதுல எனக்குச் சந்தோஷம் பொண்ணே" என்றார். "எனக்குக் காகிதம் உள்ள கொமாத்ரே யாரும் இல்ல, அதான்."

அவர் நையாண்டியாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் நாலு வார்த்தை விட்டிருப்பேன். மனசாரச் சொன்னார். அதுதான் என்னைத் தின்றது.

கூட்டம் கலைந்த பிறகு ஒப்துலியா வீட்டுக்குள் போனேன். அவள் வான்கோழியை அடுப்பில் வைத்துவிட்டு, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே சொன்னேன்.

"கொமாத்ரே, அந்த ஸ்டிக்கரைத் திருப்பிக் கொடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

அவள் முகம் செத்துவிட்டது.

"நான் கொடுத்ததையா?"

"நீங்க கொடுத்ததை இல்ல. அவங்க கொடுத்ததை."

"நான் போய் வரிசையில நின்னு வாங்கினேன். பயந்துகிட்டே வாங்கினேன். என் காகிதத்துக்கு ஏதாவது ஆகிடுமோன்னு. என் கையால ஒட்டினேன். அதைக் கிழிச்சுத் திருப்பிக் கொடுப்பீங்களா?"

"திங்கக்கிழமை கோர்ட்டு. ஸ்டிக்கர் இருந்தா எனக்குப் பாதிப்பு இல்லன்னு கேஸு நிக்காதாம்..."

"கோர்ட்டு! உங்க பிள்ளை தலையில தண்ணி ஊத்தும்போது நான் சாமி முன்னாடி வாக்குக் கொடுத்தேன். உங்களுக்கு ஒண்ணுன்னா பார்த்துக்கிட்டு நிக்க மாட்டேன்னு. அதைத்தானே செஞ்சேன்? செஞ்சது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நீங்க செஞ்சது சரி. ஆனா அது எனக்கு மட்டும்தான் சரியாகுது."

"உனக்குத்தான்டி செஞ்சேன்!" என்று கத்தினாள்.

பத்து வருஷத்துக்கு அப்புறம் அந்த 'டி' காதில் விழுந்தது. ரெண்டு பேரும் திடுக்கிட்டுப் போனோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, வாயோ சும்மா இருக்கவில்லை. "உன்னைக் கேட்டேனா? ஒரு வார்த்தை முன்னாடி சொன்னியா? நீ பாட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்து ஒட்டிட்ட. எனக்குப் பாதிப்பு இல்லாமப் பண்ணிட்ட. இப்ப பாதிப்புக்கு நான் எங்கே போறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் எனக்கு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், வான்கோழி தீய்ந்து வாசனை வருகிற வரைக்கும்.

"எனக்கு ஒண்ணும் புரியல" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாங்கினா குத்தம், வாங்கலைன்னா குத்தம், வாங்கிக் கொடுத்தா கேஸு போயிடும். சரி, எப்ப போறோம்?"

"நீங்க எதுக்கு?"

"பாக்ஸ்டர்கிட்ட உங்க இங்கிலீஷை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவீங்க கொமாத்ரே? கோழியோட எலும்பு பேரெல்லாம் சொல்லப் போறீங்களா?"

வெள்ளிக்கிழமை காலை கூக்கோ வேலைக்குப் போன பிறகு, சமையல் கத்தியால் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தேன். ஓரம் மட்டும் கொஞ்சம் கிழிந்தது. இதைக் கூக்கோவிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் கத்தியைப் பிடுங்கியிருப்பான். அதை ஒரு உறையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். ரெண்டு தடவை காரை நிறுத்தச் சொன்னேன்.

கவுண்டரில் பாக்ஸ்டர். என்னைப் பார்த்ததும் வாயில் இருந்த மிட்டாயைக் கடித்துவிட்டார், சத்தம் கேட்டது.

"வராதீங்கன்னு சொன்னேனே."

ஒப்துலியா இங்கிலீஷில் சொன்னாள். "அவங்க வாங்க வரலை. திருப்பிக் கொடுக்க வந்திருக்காங்க."

உறையைத் திறந்து ஸ்டிக்கரைக் கவுண்டரில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு தட்டினார், படித்தார்.

"இந்த விற்பனையே நடந்திருக்கக் கூடாது. உரிமையாளர் இவங்க. இவங்களுக்குக் காகிதம் இல்ல. அதனால இது செல்லாது."

"சரி, செல்லாதுல்ல? அப்ப வாங்கிக்கோங்க" என்றாள் ஒப்துலியா.

அவர் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. "இருங்க. திருப்பி வாங்கினா நான் ரத்துச் சீட்டு கொடுக்கணும். அதுல உரிமையாளர் கையெழுத்துப் போடணும். அதுவும் கொடுக்கல் வாங்கல்தான்." கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "காகிதம் காட்டாம நான் இதை வாங்க முடியாது."

"வாங்க முடியாதுன்னா, அப்ப செல்லும்."

"செல்லாது."

"செல்லாததை வச்சுக்கிட்டு அவங்க என்ன பண்றது?"

அவர் போனை எடுத்தார். யாரெலியை மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் யார் கூட்டிக்கொண்டு வருவார்கள் என்றுதான் முதலில் ஓடியது. அப்புறம்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடமே லீவு, அவள் தோன் சிரிலோ வீட்டில் விளையாடுகிறாள் என்று நினைவு வந்தது. ஆனால் அவர் போலீஸைக் கூப்பிடவில்லை. உள்ளே யாரையோ கேட்டார். அந்த யாரோ இன்னொரு யாரையோ கேட்டார்கள். கால் மணி நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்... இல்லைங்க, கொடுக்கிறாங்க, கேக்கலை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர், "அந்த அம்மாகிட்ட வாங்கித் தொலையேன்யா" என்று முணுமுணுத்தார்.

பாக்ஸ்டர் போனை வைத்துவிட்டு, ஒப்துலியாவிடம் குனிந்து ரகசியமாகப் பேசினார். நல்ல மனசோடுதான் பேசினார், சும்மா சொல்லக் கூடாது. "பாருங்கம்மா, இதுக்கு ஒரு வழி இருக்கு. உங்களுக்கு அட்டை இருக்கு. வீட்டை உங்க பேருக்கு மாத்திடுங்க. இதோ பாரம். இப்பவே கையெழுத்துப் போட்டா இப்பவே புது ஸ்டிக்கர் தர்றேன். இவங்க எப்பவும் போல அங்கேயே இருக்கலாம். யாருக்கும் தொந்தரவு இல்ல."

ஒப்துலியா எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். பாரம் கவுண்டரில் கிடந்தது, பேனாவும் பக்கத்தில். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாக இருந்தது. வீடு மிஞ்சும். அவள் என்ன, என்னை வெளியே தள்ளிவிடப் போகிறாளா? என் பிள்ளையையே அவள் பேருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். வீட்டை எழுதிக் கொடுக்க மாட்டேனா? அவள் பேனாவை எடுத்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

ஒப்துலியா பாரத்தை அவர் பக்கமே தள்ளினாள், விரல் நுனியால்.

"வீடு என்னுது இல்ல சார். வீட்டுக்காரி இதோ நிக்கிறாங்க. அவங்ககிட்ட பேசுங்க."

பாக்ஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே கேட்டேன், "எழுதிக் கொடுங்க. செல்லாதுன்னும் எழுதுங்க. வாங்க மாட்டேன்னும் எழுதுங்க."

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். எழுதுவது கொடுக்கல் வாங்கலா என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு ஒரு துண்டுக் காகிதத்தில் ரெண்டு வரி எழுதி, முத்திரை குத்தி, ஸ்டிக்கரோடு சேர்த்து என் பக்கம் தள்ளினார். "இதுக்கு மேல என்னால முடியாதும்மா" என்றார். பாவமாகத்தான் இருந்தது, அந்த நேரத்திலும்.

அன்று சாயங்காலம் கூக்கோ வெறும் ஜன்னலைப் பார்த்தான். பெட்டியை எடுத்து வைத்து யாரெலியின் குளிர்காலத் துணிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான், "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டான். எட்டரை என்றேன். காருக்குப் பெட்ரோல் போட்டு வந்தான்.

கோர்ட்டில் நான் பொது ஜனங்களோடு நாலாவது பெஞ்சில் உட்கார்ந்தேன். ரெண்டாம் எண் யாரென்று யாருக்கும் தெரியக் கூடாது. லிசென்சியாதா என் பக்கம் திரும்பவே இல்லை. பக்கத்தில் ஒப்துலியா காதோடு மொழிபெயர்த்தாள். பாதியில் அவளுக்கே புரியாமல் நிறுத்திவிடுவாள், நான் இடிப்பேன். அரசாங்க வக்கீல் சாம்பல் நிற கோட்டுப் போட்ட மரியாதையான மனுஷர். சட்டம் ரொம்பத் தெளிவாக இருக்கிறது என்று அவர் அரை மணி நேரம் பேசினார்.

நான் லிசென்சியாதாவிடம் கொடுத்திருந்த பாக்ஸ்டரின் துண்டுக் காகிதம் நீதிபதி கையில் இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க வக்கீல்" என்றார் சாம்பல் கோட்டுக்காரரிடம். "ரெண்டாம் எண் வாதி ஸ்டிக்கர் கேட்டு வந்தாங்க, கொடுக்கலை. இன்னொருத்தர் வாங்கிக் கொடுத்தாங்க, செல்லாதுன்னீங்க. திருப்பிக் கொடுத்தாங்க, வாங்கலை. ஸ்டிக்கர் இல்லாம அந்த வீடு நிக்கக் கூடாது. ஸ்டிக்கர் இல்லாம நகரவும் கூடாது. முப்பதாம் தேதி முடிஞ்சு வியாழக்கிழமை காலையில எழுந்ததும் அந்த அம்மா அந்த வீட்டை என்ன பண்ணணும்னு அரசு எதிர்பார்க்குது?"

சாம்பல் கோட்டுக்காரர் காகிதங்களைப் புரட்டினார். பின்னால் இருந்தவரிடம் குனிந்து ஏதோ கேட்டார். அவர் தோளைக் குலுக்கினார். நான் மட்டும்தான் மண்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

"அது பத்தி எனக்கு எந்த உத்தரவும் இல்லைங்க, கனம் நீதிபதி அவர்களே. கேட்டுத்தான் சொல்லணும்."

"கேட்டுச் சொல்லுங்க. நீங்க கேட்டுச் சொல்ற வரைக்கும், அந்த மாவட்டத்துல யாரு வந்து கேட்டாலும் ஸ்டிக்கர் கொடுக்கணும். காகிதம் கேக்கக் கூடாது. வந்தவங்க யார் மேலயும் நடவடிக்கை கூடாது." சுத்தியலைத் தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள்.

நாங்கள் ரெண்டு பேரும் எழவில்லை.

"ஜெயிச்சுட்டமா கொமாத்ரே?" என்று கேட்டேன்.

"தெரியலையே கொமாத்ரே. கேட்டுச் சொல்றேன்னுதானே சொன்னாங்க."

ஹால் காலியாகிக்கொண்டிருந்தது. லிசென்சியாதா பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் பெஞ்சு வழியாக வந்தாள். நிற்கவில்லை. செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி என் பக்கத்தில் குனிந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வீட்டுக்குப் போங்க சென்யோரா" என்றாள்.

எனக்குச் சுரீர் என்றது. பதினோரு வருஷமாகக் கடையிலும் ரோட்டிலும் எத்தனை பேர் இதே வார்த்தையை, உன் நாட்டுக்கே போ என்கிற அர்த்தத்தில், என் முகத்தில் எறிந்திருக்கிறார்கள். "எந்த வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்குத்தான்" என்றாள். "அந்த ட்ரெய்லருக்கு."